உதடுகளுக்கு முன்னே வந்த ஒலி

சற்று நீண்ட பதிவு. கருத்தரங்குகளையும் சிறப்புரைகளையும் நேரலை செய்யும் பொறுப்பு ஏதோ ஒரு வகையில் தலையில் வந்து விழுந்திருக்கும் ஆய்வு மாணவர்களேனும் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன். என் பிழையொன்றைப் பற்றியது இது. அப்பிழைக்கான விலையை ஆறு மாதங்களாக வேறொருவர் செலுத்திவந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவருடைய ஒப்புதலோடு, பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன்.

புனேயில் நான் ஆய்வு செய்யும் மொழியியல் துறையில் வியாழன்தோறும் மாலை 4 மணிக்கு ஒரு சிறப்புரை நடைபெறும். பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழிக்குப் போன அவ்வுரைகள், அரங்கம் மீண்டும் திறந்த பின்னரும் நேரலையாகத் தொடர்ந்தன. முதலில் ஒரே ஒரு ஹேண்டிகேம் இருந்தது. முன்வரிசையில், பேச்சாளரிடமிருந்து மூன்று மீட்டர் தொலைவில் அதை நிறுத்தி, அதிலுள்ள ஒலிவாங்கி பிடித்த ஒலியை அப்படியே அனுப்பிவந்தோம். மின்விசிறியின் இரைச்சலும் நாற்காலிகள் நகரும் ஓசையும் பேச்சோடு கலந்து வரும். இணையத்தில் கேட்போர் அதைப் பற்றிக் குறைகூறாத வாரமில்லை.

சென்ற ஆகஸ்டில் இப்பொறுப்பு என்னிடம் வந்தது. நான் பேச்சொலியியலில் ஆய்வு செய்பவன். ஒலியின் தரத்தைச் சீர்ப்படுத்துவதை என் கடமையாகவே எடுத்துக்கொண்டேன். அரங்கின் ஒலிக் கலவைக் கருவியிலிருந்து நேரடியாக ஒரு கம்பியை இழுத்து, ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியே மடிக்கணினிக்குக் கொணர்ந்தேன். ஹேண்டிகேமின் இடத்தில் நல்ல கேமரா ஒன்றை வைத்து, அதன் எச்டிஎம்ஐ இணைப்பைக் கேப்சர் கார்டு மூலம் அதே கணினியில் சேர்த்தேன். இரண்டையும் ஓபிஎஸ் மென்பொருளில் கலந்து நேரலைக்கு அனுப்பினேன். இரைச்சல் முற்றிலும் மறைந்தது. பேச்சாளர் மூச்சு வாங்குவதுகூடத் துலக்கமாகக் கேட்டது. பாராட்டி மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. அவற்றை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் இரவு, விடுதி உணவகத்தில் வரலாற்றுத் துறைத் தோழி ஒருவர் என் எதிரே வந்து அமர்ந்தார். சிறுவயதிலேயே செவித்திறனை இழந்து, பின்னர் காக்ளியர் கருவி பொருத்திக்கொண்டவர். எங்கள் உரையாடல் இந்தியும் ஆங்கிலமுமாகக் கலந்து நடந்தது. அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

“வியாழக்கிழமை நேரலையை நீங்கள்தானே பார்த்துக்கொள்கிறீர்கள்? ஒன்று கேட்கலாமா? அதன் ஒலியில் ஏதேனும் மாற்றினீர்களா?”

மாற்றியதைப் பெருமையோடு விவரித்தேன். அவர் சற்று நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “முன்பு ஒலி மோசமாக இருந்தபோது எனக்குப் புரிந்தது. இப்போது தெளிவாக இருக்கிறது, ஆனால் புரிவதில்லை. என் கருவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். அதைச் சரிபார்க்க மும்பைக்கு இரண்டு முறை போய்வந்தேன். கருவி நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறார்கள்.”

அவர் அரங்கிற்கு நேரில் வருவதில்லை. எதிரொலி மிகுந்த அந்தக் கூடத்தில், பத்து வரிசைக்கு அப்பால் நிற்பவரின் பேச்சைப் பிரித்தறிவது அவருக்குப் பெரும்பாடு. விடுதி அறையில் அமர்ந்து, கணினியின் ஒலியைக் கம்பி மூலம் நேரடியாகக் கருவிக்கு வாங்கிக்கொண்டு, திரையில் பேச்சாளரின் முகத்தை அருகில் பார்ப்பதே அவருக்கு வசதியானது. ஆகவே எங்கள் நேரலை அவருக்கு அரங்கின் மாற்று ஏற்பாடு அன்று, அதுவே அரங்கம். அக்டோபரில் வந்திருந்த ஆவணவியல் அறிஞர் ஒருவரின் நான்கு உரைகள் அவருடைய ஆய்வேட்டின் மைய அத்தியாயத்தைத் தொட்டவை. முதல் உரையோடு நிறுத்திவிட்டதாகச் சொன்னார். தம் நெறியாளரிடம், “எனக்கு இணையவழி உரைகள் இனி ஒத்துவராது” என்று கூறியிருக்கிறார். அப்படிச் சொன்னபோது நெறியாளர் காட்டிய பரிவுதான் எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாததாக இருந்தது என்றார்.

அன்றிரவே பழைய பதிவொன்றைத் திறந்தேன். பேச்சாளர் தொடக்கத்தில் ஒலிவாங்கியை விரலால் தட்டிப் பார்க்கும் இடம் ஒன்று அதில் இருந்தது. விரல் ஒலிவாங்கியைத் தொடும் சட்டகத்தையும், ஒலியலையில் அந்தத் தட்டல் எழும் புள்ளியையும் ஒப்பிட்டேன். ஒலி 6 சட்டகங்கள் முந்தியிருந்தது. விநாடிக்கு 25 சட்டகங்கள் என்ற கணக்கில் ஒரு சட்டகம் 40 மில்லி விநாடி. ஆறுக்கு 240. இன்னும் நான்கு பதிவுகளைத் திறந்தேன். அவற்றிலும் அதே 6.

இது எப்படி நேர்ந்தது என்பது எளிய கணக்கு. ஒலிவாங்கியிலிருந்து கம்பி வழியே வரும் ஒலி சில மில்லி விநாடிகளில் கணினியை எட்டிவிடும். காட்சியின் பயணம் நெடியது. கேமராவின் உணரி ஒரு சட்டகத்தை முழுமையாகப் படித்தெடுக்க வேண்டும். கேமரா அதைப் பதப்படுத்தி வெளியே அனுப்ப வேண்டும். கேப்சர் கார்டு அதை வாங்கி, யூஎஸ்பி வழியே தள்ள வேண்டும். மென்பொருள் அதை வரிசையில் வைத்துத் திரையிட வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் ஓரிரு சட்டகங்கள் தங்கிவிடுகின்றன. பழைய ஹேண்டிகேமில் இச்சிக்கல் இல்லை. ஒலியும் காட்சியும் ஒரே கருவிக்குள் நுழைந்து, ஒரே கம்பியில் பயணம் செய்து, சேர்ந்தே தாமதித்தன. தரத்தைக் கூட்டும் ஆர்வத்தில் அவ்விரண்டையும் வெவ்வேறு வழிகளில் அனுப்பியவன் நான். அவை மீண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருந்ததா என்று பார்க்கவில்லை.

ஒலி முந்துவதும் ஒலி பிந்துவதும் சமமான பிழைகள் அல்ல. இயற்கையில் ஒலி பிந்துவதே வழக்கம். காற்றில் அது விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. மீட்டருக்கு 3 மில்லி விநாடி எனக் கொள்ளலாம். அரங்கில் 15 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவருக்குப் பேச்சாளரின் குரல் 40 மில்லி விநாடிக்கு மேல் பிந்தியே வந்து சேர்கிறது. தொலைவில் துணி வெளுப்பவர் கல்லில் அடிப்பதைப் பார்த்து, பிறகு ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உதடு அசையும் முன்பே சொல் வந்துவிடுவதை நம் புலன்கள் எங்கும் பழகியதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையிலும் இந்தச் சமமின்மை தெரிகிறது. அதன்படி ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே பார்வையாளர் உணர்ந்துவிடுவர். பிந்தும்போது 125 வரை உணர்வதில்லை. பொறுத்துக்கொள்ளத்தக்க எல்லை முந்துவதில் 90, பிந்துவதில் 185. எங்கள் நேரலை, பொறுக்கக்கூடாத பக்கத்தில், அந்த எல்லையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் விலகியிருந்தது.

அப்படியானால் நான் ஏன் உணரவில்லை? இக்கேள்விதான் என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. இதைப் பற்றி இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான். 1976-இல் ஹாரி மெகர்க்கும் ஜான் மெக்டொனால்டும் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு பருவத்திலும் திரையிட்டுக் காட்டுகிறேன். ‘பா’ என்ற ஒலியோடு, ‘கா’ என்று அசையும் உதடுகளைச் சேர்த்துக் காட்டினால், பெரும்பாலோர் ‘டா’ என்று கேட்கின்றனர். பேச்சைக் காதால் மட்டும் கேட்பதில்லை, கண்ணாலும் கேட்கிறோம் என்று சொல்லி மாணவர்களை வியக்க வைப்பேன். வியாழக்கிழமை மாலைகளில் அந்த அறிவு எங்கே போயிற்று?

ஒரு பகுதி விடை இருக்கையில் இருந்தது. கலவை செய்பவர் அரங்கிற்குள்ளேயே அமர்ந்திருக்கிறார். பேச்சாளரின் குரல் அவருக்கு ஒலிபெருக்கியிலிருந்து நேராக வருகிறது. கணினித் திரையிலுள்ள காட்சியோ எப்போதும் பின்தங்கித்தான் தெரியும். அது அரங்கின் ஒலிக்கும் திரைக்கும் உள்ள இடைவெளி, நேரலையில் அப்படி இராது என்று தொடக்கத்திலேயே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரலையைக் கைப்பேசியில் திறந்து பார்த்தாலோ, அது பல விநாடிகள் கழித்து வருகிறது. அரங்கின் ஒலி காதில் விழுந்துகொண்டிருக்க, பழைய வாக்கியத்தின் உதட்டசைவை எப்படிச் சரிபார்ப்பது? பார்த்தேன் என்று பேர்பண்ணிக்கொண்டேன்.

மறுபகுதி விடை மூளையில் இருக்கிறது. 2004-இல் வாகா ஃபுஜிசாகியும் அவருடைய ஜப்பானிய சகாக்களும், ஒளியையும் ஒலியையும் மாறாத ஓர் இடைவெளியோடு சில நிமிடங்கள் தொடர்ந்து காட்டினால், ‘ஒரே கணம்’ என்று மனிதர் உணரும் புள்ளியே அந்த இடைவெளியை நோக்கி நகர்வதைக் காட்டினர். நகர்வு சிறியதே. ஆனால் பிழையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர், பிழையை அளக்கும் தம் கோலையும் சேர்த்தே வளைத்துக்கொள்கிறார் என்பது இதன் பொருள். வாரந்தோறும் ஒன்றரை மணி நேரம் அத்திரையைப் பார்த்தவன் நான். அந்த அறையில் என் கண்ணைவிட நம்பத்தகாத கருவி வேறொன்று இருந்திருக்க முடியாது.

ஏனையோர் ஏன் சொல்லவில்லை என்பதற்கு விடை இன்னும் எளிது. செவித்திறன் உள்ளவர்களுக்கு அந்தத் தெளிவான ஒலியே போதுமானதாக இருந்தது. உதட்டைப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. பாதிப் பேர் வேறு சாளரத்தில் மின்னஞ்சல் படித்துக்கொண்டே கேட்டிருப்பர். சிலருக்கு ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றியிருக்கலாம். தம் இணைய இணைப்பு மந்தம் என்று விட்டிருப்பர்.

தோழிக்கு அப்படி விட்டுவிட வழியில்லை. ஆரோக்கியமான உட்செவியில் ஆயிரக்கணக்கான மயிர்ச்செல்கள் செய்யும் வேலையை, காக்ளியர் கருவி இருபதுக்குச் சற்று முன்பின்னான மின்முனைகளைக் கொண்டு செய்கிறது. ஒலியின் நுண்ணிய வேறுபாடுகள் பல அதில் மங்கிவிடும். அம்மங்கலை உதடுகள் ஈடுசெய்கின்றன. உதட்டில் ‘ப’வும் ‘ம’வும் ஒன்றுபோல் தெரியும், அவற்றைக் காது பிரித்துத் தருகிறது. காதில் ‘ப’வும் ‘த’வும் குழம்பும், அவற்றைக் கண் பிரித்துத் தருகிறது. இரண்டும் ஒரே கணத்தில் வந்தால்தான் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும். இயல்பான பேச்சில் விநாடிக்கு நான்கைந்து அசைகள் வருகின்றன. ஓர் அசைக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி விநாடி. எங்கள் 240 என்பது அநேகமாகச் சரியாக ஓர் அசையின் நீளம். அவர் மூன்றாவது அசையைக் கேட்கும்போது, திரையிலுள்ள உதடுகள் இரண்டாவது அசையைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒன்றரை மணி நேரமும், ஒவ்வோர் அசையிலும், கண் சொன்னதைக் காது மறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. தலைவலி வந்துவிடும், சீக்கிரம் படுத்துவிடுவேன் என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

இனித் திருத்தம். கேட்டால் எளிது: பிந்தி வரும் காட்சியை விரைவுபடுத்த எந்த வழியும் இல்லை, முந்தி வரும் ஒலியைத் தாமதப்படுத்தலாம். ஓபிஎஸ்ஸில் ஒவ்வோர் ஒலி மூலத்திற்கும் எத்தனை மில்லி விநாடி தாமதம் என்று எண்ணைக் கொடுக்க ஓரிடம் உண்டு. 240 என்று தட்டினேன். கைதட்டிப் பதிவுசெய்து பார்த்தேன். பொருந்தியது. மறுநாளே தோழிக்குச் செய்தி அனுப்பினேன். அவசரப்பட்டுவிட்டேன் என்பது அடுத்த மூன்று வியாழக்கிழமைகளில் தெரிந்தது.

முதல் வாரம், இரண்டாவது கேமரா காலை வாரியது. நவம்பரிலிருந்தே ஒரு கைப்பேசியை வைஃபை வழியே இணைத்துப் பக்கவாட்டுக் கோணத்திற்குப் பயன்படுத்திவந்தோம். அதன் தாமதம் வேறு. முதல் கேமராவுக்கு வைத்த 240 அதற்குப் போதவில்லை. காட்சியை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒத்திசைவு கலைந்து, திரும்பும்போது மீண்டும் சேர்ந்தது. வலையமைப்பு நெரிசலுக்கு ஏற்ப அத்தாமதம் ஏறி இறங்கவும் செய்தது. மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்தை எந்த எண்ணாலும் ஈடுசெய்ய முடியாது. எனவே வைஃபையைக் கைவிட்டுக் கைப்பேசியைக் கம்பியில் இணைத்தேன். தாமதம் 320-இல் நிலைத்தது. பிறகு முதல் கேமராவின் காட்சியையும் மென்பொருளில் 80 மில்லி விநாடி பிடித்துவைத்து, ஒலியை 320-க்கு மாற்றினேன். இப்போது எல்லோரும் மிகவும் மெதுவானவருக்காகக் காத்திருந்தனர்.

இரண்டாம் வாரம், பெங்களூருவிலிருந்து இணையவழியில் பேசிய விருந்தினர். அவருடைய காட்சியும் குரலும் ஏற்கெனவே சேர்ந்தே எங்கள் கணினிக்கு வருகின்றன. ஆனால் அரங்கிலிருப்போர் கேட்பதற்காக அவர் குரலை ஒலிக் கலவைக் கருவிக்கு அனுப்பியிருந்தோம். அங்கிருந்து அது அதே பழைய கம்பியில் திரும்பி வந்து, 320 மில்லி விநாடித் தாமதத்தையும் வாங்கிக்கொண்டு நேரலைக்குப் போயிற்று. இம்முறை ஒலி பிந்தியது. விருந்தினர் குரலைக் கணினியிலிருந்தே தனி மூலமாக, தாமதமின்றி எடுக்க வேண்டும். திரும்பிவரும் கம்பியில் அவர் குரல் கலவாதபடி தடுக்க வேண்டும். அவர் பேசும்போது அரங்கின் ஒலிவாங்கிகளை அணைத்துவைக்க வேண்டும். இல்லையேல் ஒலிபெருக்கியில் வரும் அவர் குரலை அவ்வொலிவாங்கிகள் பிடித்து, மூன்றில் ஒரு விநாடி கழித்து எதிரொலியாக அனுப்பும்.

மூன்றாம் வாரப் பிழை நுட்பமானது. தொடக்கத்தில் கைதட்டியபோது எல்லாம் பொருந்தியிருந்தது. முடிவில் நன்றியுரைக்குப் பின் எழுந்த கைதட்டலைப் பதிவில் பார்த்தால், 4 சட்டகங்கள் விலகியிருந்தது. ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒரு கடிகாரத்தில் ஓடுகிறது. கேப்சர் கார்டு வேறொரு கடிகாரத்தில் ஓடுகிறது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்று இரண்டும் சத்தியம் செய்தாலும், ஒருவர் விநாடி மற்றவர் விநாடியைவிட அணுவளவு நீளம். 90 நிமிடத்தில் 160 மில்லி விநாடி விலகல் என்பது பத்து லட்சத்தில் 30 பங்கு வேறுபாடுதான். கைக்கடிகாரத்தில் அது ஒரு நாளைக்கு மூன்று விநாடிகூட ஆகாது. பெரிய படப்பிடிப்பு நிலையங்களில் எல்லாக் கருவிகளையும் ஒரே கடிகாரத்திற்குக் கட்டிவைப்பது இதற்காகவே. எங்களிடம் அதற்கான கருவி இல்லை. ஆகவே அரங்க ஒலியை முதல் கேமராவின் ஒலி உள்ளீட்டிலேயே செருகினேன். காட்சியும் ஒலியும் மீண்டும் ஒரே கருவிக்குள் நுழைந்து, ஒரே எச்டிஎம்ஐ கம்பியில் வந்தன. விலகல் நின்றது. எண்களையெல்லாம் புதிதாக அளந்து வைத்தேன். தரம் சிறிதும் குறையவில்லை. ஹேண்டிகேம் எதைச் சரியாகச் செய்துவந்ததோ, அதையே ஆறு மாதம் கழித்து, சுற்றிவளைத்து வந்து சேர்ந்தேன்.

இந்த நாள்களில் இந்தியப் பேசும்படத்தின் தொடக்கத்தைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொண்டேன். 1931 மார்ச் 14-இல் பம்பாயின் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியான ‘ஆலம் ஆரா’, டானார் என்னும் ஒற்றை அமைப்பு முறையில் எடுக்கப்பட்டது. படப்பிடிப்பின்போதே ஒலியும் காட்சியும் ஒரே கருவியில் சேர்ந்து பதிவாகும். அருகில் ஓடும் ரயில்களின் ஓசைக்கு அஞ்சி அதை இரவில் படமாக்கினர். பின்னாளில் ஒலியைத் தனியே பதிந்து சேர்க்கும் முறை நிலைபெற்றபோதுதான், இரண்டையும் பொருத்துவதற்குக் கட்டையை அடித்து ஓசையெழுப்பும் கிளாப் பலகை இன்றியமையாததாயிற்று. திரையரங்கிற்குச் செல்லும் 35 மில்லி மீட்டர் பிரதியிலோ, ஒலித்தடம் தனக்குரிய காட்சிக்கு ஏறத்தாழ 20 சட்டகங்கள் முன்னதாக அச்சிடப்பட்டிருக்கும். படக்கண்ணின் முன் சுருள் நின்று நின்று நகர வேண்டும். ஒலியைப் படிக்கும் இடத்தில் தடையின்றி ஓட வேண்டும். ஆகவே அவ்விரு இடங்களும் ஒன்றாக இருக்க இயலாது. நாம் இயல்பு என்று நம்பிப் பார்த்த ஒவ்வொரு திரைப்படத்திலும் யாரோ ஒருவர் இந்த இடைவெளியைக் கணக்கிட்டு வைத்திருந்தார்.

எண்களை நிலைப்படுத்திய பின், தோழியிடம் ஒரு மாலைப்பொழுதைக் கேட்டுப் பெற்றேன். அவர் அடுத்த அறையில் திரையின் முன் அமர்ந்தார். நான் அரங்கில் ஒரு நூலிலிருந்து வாசித்தேன். என் நண்பர் ஒருவர் தாமதத்தை எனக்கும் அவருக்கும் சொல்லாமல் முன்பின்னாக மாற்றிக்கொண்டே இருந்தார். புரிகிறது, கடினம், புரியவில்லை என்ற மூன்றில் ஒன்றைத் தோழி ஒவ்வொரு முறையும் குறித்தார். முடிவில் தாள்களை ஒப்பிட்டோம். நான் அளந்து வைத்த எண்ணில் ‘புரிகிறது’ என்றுதான் குறித்திருந்தார். எனினும் ஒலி அதைவிட ஒரு சட்டகம் பிந்திய இடத்தில் ஒருமுறைகூட ‘கடினம்’ என்று குறிக்கவில்லை. ஒருவரிடம் ஒரு மாலையில் செய்தது ஆய்வாகாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் எங்கள் அரங்கில் இப்போது இருப்பது அவர் தேர்ந்த எண்ணே. அது ஒலி சற்றே பிந்தும் பக்கத்தில், இயற்கை அனுமதிக்கும் பக்கத்தில் இருக்கிறது.

அன்று புறப்படும்போது அவர் கேட்டார்: “பழைய காணொலிகளை என்ன செய்யப்போகிறீர்கள்?”

நான் அதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஆகஸ்டிலிருந்து அதுவரை 19 உரைகள் துறையின் அலைவரிசையில் இருந்தன. ஒற்றைக் கேமராவில் எடுத்த 12-ஐ ஒரே எண்ணால் திருத்த முடிந்தது. கடிகார விலகல் உள்ள இடங்களில் ஒலியை இம்மியளவு நீட்டவும் வேண்டியிருந்தது. கைப்பேசிக் காட்சிகள் கலந்த 7-இல் ஒவ்வொரு வெட்டிலும் இடைவெளி மாறியது. அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பொருத்த மே மாதம் முழுவதும் ஆயிற்று. யூடியூபில் ஏற்கெனவே உள்ள இணைப்பில் காணொலியை மாற்றிவைக்க வழியில்லை; புதிய இணைப்பில்தான் ஏற்ற வேண்டும். பழைய இணைப்புகளைச் சிலர் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்ததால் அவற்றை அகற்றவில்லை. ஒவ்வொன்றின் கீழும், ‘இப்பதிவில் ஒலி காட்சிக்கு முந்தி வருகிறது, உதட்டசைவை நோக்கிப் புரிந்துகொள்வோர் திருத்திய பதிவைப் பார்க்கவும்’ என்று எழுதினேன். இப்படி வெளிப்படையாக எழுதுவது துறைக்கு இழுக்கல்லவா என்று ஒருவர் கேட்டார். ஆறு மாதம் ஒருவர் தம் காதைச் சந்தேகித்திருக்கிறார், நம் காணொலியைச் சந்தேகிக்கும் உரிமையையேனும் அடுத்தவருக்குத் தருவோம் என்றேன். அதன்பின் அவர் மறுக்கவில்லை.

ஒத்திசைவு மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு ஊடகங்களில் எழுத்துரையையும் சைகை மொழிபெயர்ப்பையும் பற்றிப் பேசுகிறது. தானாக உருவாகும் எழுத்துரை எங்கள் துறைக் கலைச்சொற்களைச் சிதைத்துவிடுவதால், திருத்திய எழுத்துரை தயாரிக்கும் வேலையை இரு இளநிலை மாணவர்கள் ஏற்றுள்ளனர். சைகை மொழிக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. ஆனால் இவை எதுவும் அந்த 240-க்கு மன்னிப்பாகாது. எழுத்துரை வருமென்று காத்திருந்த காலத்திலும், உதடுகளைச் சரியான நேரத்தில் காட்டுவதற்கு ஒரு காசும் செலவாகியிருக்காது.

இறுதியாக நேரலை செய்யும் நண்பர்களுக்கு. உரை தொடங்குமுன் ஒலிவாங்கிக்கு அருகில் நின்று, ஒவ்வொரு கேமராவிலும் கை தெரியும்படி மூன்று முறை தட்டுங்கள். உரை முடிந்ததும் மீண்டும் தட்டுங்கள். பதிவைத் திறந்து சட்டகங்களை எண்ணுங்கள், கண்ணை நம்பாதீர்கள். கருவியோ கம்பியோ மென்பொருளோ எது மாறினாலும் மீண்டும் அளவுங்கள். வேறு துறைகளிலிருந்து சரிபார்ப்பவர்கள் புளூடூத் காதணியைக் கழற்றிவிட்டுச் சரிபாருங்கள்; அதற்கென்று தனித் தாமதம் உண்டு. உங்கள் வளாகத்தில் உதட்டைப் பார்த்துக் கேட்பவர் யாரேனும் இருந்தால், அவராக வந்து சொல்வார் என்று காத்திராமல் நீங்களே போய்க் கேளுங்கள்.

ஆவணவியல் அறிஞரின் நான்கு உரைகளையும் தோழி ஜூன் மாதத்தில் பார்த்து முடித்தார். மூன்றாவது உரையில் ஒரு வாதம் தமக்கு உடன்பாடில்லை என்றும், அதை மறுத்துத் தம் அத்தியாயத்தில் ஆறு பக்கம் எழுதியிருப்பதாகவும் நேற்று சொன்னார். படித்துப் பார்க்கத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.